நீக்குவது வேறு, அழிப்பது வேறு: 'டெலீட்' பட்டனின் 50 ஆண்டுக் கதை



வீட்டுக்குப் புது லேப்டாப் வந்ததும் பழையது என்ன ஆகிறது? சிலர் உறவுக்காரப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். சிலர் எக்ஸ்சேஞ்சில் தள்ளுகிறோம். சிலர் பரணில் போட்டுவைத்து, நான்கு வருடம் கழித்துப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். எப்படிக் கொடுத்தாலும், அதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. எல்லாக் கோப்புகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'டெலீட்' தட்டுவோம். டெஸ்க்டாப்பில் இருக்கும் ரீசைக்கிள் பின்னையும் திறந்து காலி செய்வோம். தொட்டி காலி, மனசும் நிம்மதி.

அந்த நிம்மதிக்கு நியாயம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் அந்த லேப்டாப்பில் இருந்தவை சாதாரண விஷயங்கள் இல்லை. ஆதார் நகல், பான் கார்டு, வங்கி ஸ்டேட்மென்ட், வீட்டுக் கிரயப் பத்திரத்தின் ஸ்கேன், அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட், பிள்ளைகளின் புகைப்படங்கள் என்று ஒரு குடும்பத்தின் முழு ஜாதகமே அதற்குள் இருந்திருக்கும்.

தமிழில் 'நீக்கு' என்றும் 'அழி' என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒருவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினால் அவர் இல்லாமல் போய்விடமாட்டார். சிலேட்டில் எழுதியதை அழித்தால் எழுத்தே இருக்காது. 'டெலீட்' என்றால் அழிப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கணினி பெரும்பாலும் நீக்க மட்டுமே செய்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஒரு கோப்பை நீக்க ஏன் இத்தனை வழிகள் இருக்கின்றன என்பதும், எதை எப்போது பயன்படுத்த வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

கீழ்த்தளத்துப் பெயர்ப் பலகை

முதலில் ஒரு எளிய உதாரணம். அடுக்ககங்களின் கீழ்த்தளத்தில் பெயர்ப் பலகை ஒன்று இருக்கும். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும். கொரியர்காரர் வந்தால் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறுவார்.

உங்கள் கணினியின் ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான். கோப்பின் உள்ளடக்கம் டிஸ்க்கின் ஏதோ சில இடங்களில் குடியிருக்கிறது. அவை வீடுகள். எந்தக் கோப்பு எங்கெங்கே இருக்கிறது என்று தனியே ஓர் அட்டவணை இருக்கிறது. அதுதான் பெயர்ப் பலகை. நீங்கள் ஃபோல்டரைத் திறந்து பார்க்கும்போது தெரிவதெல்லாம் இந்தப் பலகை மட்டுமே.

ஒரு கோப்பை நிரந்தரமாக நீக்கச் சொன்னால் கணினி பலகையில் இருந்து பெயரை எடுத்துவிட்டு, 'இந்த வீடு காலி, யார் வேண்டுமானாலும் குடிவரலாம்' என்று குறித்துக்கொள்ளும். வீட்டுக்குள் இருக்கும் கட்டில், பீரோ, நகைப்பெட்டி எதையும் அது தொடாது. இன்னொருவர் குடிவந்து தன் சாமான்களை வைக்கும்வரை பழையவை அங்கேயே கிடக்கும். அது நாளைக்கே நடக்கலாம், மூன்று வருடம் ஆனாலும் நடக்காமலும் இருக்கலாம்.

கணினி ஏன் இப்படிச் செய்கிறது? வேகத்துக்காகத்தான். இரண்டு ஜிபி படத்தை உண்மையிலேயே அழிக்க வேண்டுமென்றால் அந்த இரண்டு ஜிபி முழுவதன் மேலும் வேறு எதையாவது எழுத வேண்டும். பலகையில் பெயரை எடுக்க ஒரு நொடி கூட ஆகாது. கணினிகள் மெதுவாக இருந்த காலத்தில் எடுத்த இந்த முடிவு இன்றுவரை தொடர்கிறது.

கேள்வி கேட்காத காலம்

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969-ல் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். 1971-ல் வந்த அதன் முதல் கையேட்டிலேயே கோப்பை நீக்கும் 'ஆர்எம்' என்ற கட்டளை இருந்தது. 'ரிமூவ்' என்பதன் சுருக்கம். அந்தக் காலத்து டெலிடைப் எந்திரங்கள் நொடிக்கு 10 எழுத்துகள் வேகத்தில் காகிதத்தில் தட்டிக்கொண்டிருந்தன. அதனால் பல கட்டளைகள் இரண்டெழுத்து, மூன்றெழுத்து. பதில் பேச்சும் கிடையாது. நீக்கு என்றால் நீக்கிவிடும். 'நிச்சயமாகவா?' என்று கேட்காது, 'முடிந்தது' என்றும் சொல்லாது.

யூனிக்ஸ் தன் செயலுக்கு வைத்த உள்பெயர் இன்னும் நேர்மையானது. கணினியின் அடிமட்டத்தில் இந்த வேலையைச் செய்யும் அழைப்பின் பெயர் 'அன்லிங்க்', அதாவது இணைப்பை அவிழ்த்துவிடு. ஒரே வீட்டுக்குப் பலகையில் கணவர் பெயரும் மனைவி பெயரும் தனித்தனியாக இருக்கலாம் அல்லவா? யூனிக்ஸில் ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கலாம். ஒரு பெயரை நீக்கினால் மற்றப் பெயர் வழியாகக் கோப்பு அப்படியே கிடைக்கும். கடைசிப் பெயரும் போன பிறகுதான் வீடு காலி என்று கணக்கு. அப்போதும் ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அது மூடும்வரை காத்திருக்கும்.

பலகையில் ஓர் எழுத்து

1981-ல் ஐபிஎம் பிசி வந்தது. அதோடு மைக்ரோசாஃப்டின் டாஸ் வந்தது. 80-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவர்களுக்கு அந்தக் கறுப்புத் திரை ஞாபகம் இருக்கும். 'டெல்' என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போய்விடும். ஒரு ஃபோல்டரில் உள்ள அனைத்தையும் நீக்கச் சொன்னால் மட்டும் 'நிச்சயமாகவா, ஆம் அல்லது இல்லை' என்று ஒரே ஒரு கேள்வி வரும்.

டாஸ் உள்ளே செய்தது மிகவும் சின்ன வேலை. பலகையில் இருக்கும் பெயரின் முதல் எழுத்தை மட்டும் மாற்றி, அங்கே ஒரு தனிக் குறியை வைக்கும். அந்தக் குறி இருந்தால் 'இந்த வரி காலி' என்று பொருள். பிடித்திருந்த இடங்களையும் காலி என்று குறித்துக்கொள்ளும். மற்றபடி பெயரின் மிச்ச எழுத்துகளும், கோப்பின் அளவும், அது எங்கே தொடங்குகிறது என்ற தகவலும் அப்படியே இருக்கும்.

இதைப் பயன்படுத்திக்கொண்டவர் பீட்டர் நார்டன். 1982-ல் அவர் வெளியிட்ட நார்டன் யுடிலிட்டீஸ் தொகுப்பில் 'அன்இரேஸ்' என்று ஒரு நிரல் இருந்தது. நீக்கிய கோப்பைத் திரும்பக் கொண்டுவரும். பார்த்தவர்களுக்கு மாயாஜாலம் போல இருந்தது. உண்மையில் அது செய்தது, பலகையில் மாற்றிய வரியைக் கண்டுபிடித்துப் பழையபடி எழுதியதுதான். 1990-ல் அவருடைய நிறுவனத்தை சிமாண்டெக் வாங்கியது. நார்டன் என்ற பெயர் பிறகு ஆன்டிவைரஸ் மென்பொருளாக நம் வீடுகளுக்குள்ளும் வந்தது.

1991-ல் வந்த டாஸ் 5.0-ல் மைக்ரோசாஃப்டே 'அன்டெலீட்' கட்டளையைச் சேர்த்துவிட்டது. அது கோப்பை மீட்பதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும்: 'இந்தப் பெயரின் முதல் எழுத்து என்ன?' மற்ற எல்லாம் அதற்குத் தெரியும். டாஸ் அழித்தது அந்த ஓர் எழுத்தை மட்டும்தானே!

குப்பைத் தொட்டி வந்தது

கறுப்புத் திரை போய்ப் படங்கள் வந்தபோது, கணினியை அலுவலக மேசை மாதிரி அமைக்கலாம் என்று யோசித்தார்கள். மேசை இருந்தால் பக்கத்தில் குப்பைக் கூடையும் இருக்க வேண்டுமே. 1983 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட லிசா கணினியில் காகிதக் கூடை ஒன்று இருந்தது. 1984 ஜனவரியில் வந்த மெக்கின்டாஷில் அது திரையின் வலது கீழ் மூலையில் ஒரு குப்பைத் தொட்டியாக நின்றது.

இது வெறும் அலங்காரம் இல்லை. அதுவரை நீக்குவது ஒரே படி. இப்போது இரண்டு படி ஆனது. முதலில் தொட்டியில் போடுவது, பிறகு தொட்டியைக் கொட்டுவது. இரண்டுக்கும் நடுவே மனம் மாறினால் கையை விட்டு எடுத்துக்கொள்ளலாம். மனிதர்கள் தவறு செய்வார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு செய்த ஏற்பாடு அது.

ஆனால் முதல் சில ஆண்டுகள் அந்தத் தொட்டி அவ்வளவு நம்பகமாக இல்லை. கணினியை அணைத்தாலே அது தானாகக் காலியாகிவிடும். 1991-ல் சிஸ்டம் 7 வந்த பிறகுதான், நீங்களாகக் கொட்டும்வரை தொட்டி அப்படியே இருக்கும் என்றானது. இன்னொரு குழப்பமும் இருந்தது. ஃபிளாப்பி டிஸ்க்கை வெளியே எடுக்க அதன் படத்தை இழுத்துக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். டிஸ்க்கில் உள்ளதெல்லாம் போய்விடுமோ என்று பயந்தவர்கள் பலர்.

இந்தத் தொட்டி நீதிமன்றம் வரை போனது. தன் திரை அமைப்பைக் காப்பியடித்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் மீதும் ஹியூலட் பேக்கார்டு மீதும் ஆப்பிள் 1988-ல் வழக்குத் தொடர்ந்தது. ஆப்பிளின் வாதங்கள் ஏறக்குறைய எல்லாமே தள்ளுபடி ஆயின. அதையும் மீறி நின்ற மிகச் சிலவற்றில் ஹியூலட் பேக்கார்டு மென்பொருளில் இருந்த குப்பைக் கூடைப் படமும் ஒன்று.

விண்டோஸின் பச்சைத் தொட்டி

1990-ல் வந்த விண்டோஸ் 3.0-ல் ஃபைல் மேனேஜர் இருந்தது, தொட்டி இல்லை. 'நீக்கட்டுமா?' என்று கேட்கும். ஆம் என்றால் போய்விடும். 1995 ஆகஸ்ட் 24-ல் விண்டோஸ் 95 வெளியானபோதுதான் நமக்குப் பழக்கமான ரீசைக்கிள் பின் டெஸ்க்டாப்பில் வந்து உட்கார்ந்தது. மறுசுழற்சித் தொட்டி என்ற பெயர் பொருத்தம்தான். கொட்டிய இடம் திரும்பவும் பயன்படுகிறது அல்லவா?

இன்று நாம் பயன்படுத்தும் வழிகள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

'டெலீட்' மட்டும் தட்டினால், அல்லது வலது கிளிக் செய்து நீக்கினால், அல்லது இழுத்துத் தொட்டியில் போட்டால், மூன்றும் ஒன்றுதான். 'கன்ட்ரோல்' உடன் 'டி' அழுத்தினாலும் அதேதான். கோப்பு அதே டிரைவில் இருக்கும் மறைவான ஒரு ஃபோல்டருக்குப் பெயர் மாற்றிப் போகிறது. உள்ளடக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பலகையில் மட்டும் வேறு வரிசைக்கு மாறுகிறது. அதனால்தான் பெரிய சினிமாப் படம்கூடக் கண் இமைக்கும் நேரத்தில் தொட்டிக்குப் போய்விடுகிறது. அதனால்தான் நீக்கிய பிறகும் டிஸ்க்கில் இடம் கூடுவதில்லை. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, நீக்கிய ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சின்னச் சீட்டும் கூடவே எழுதிவைக்கப்படுகிறது. பழைய இடம் எது, அளவு என்ன, எந்த நாளில் எந்த நேரத்தில் நீக்கினீர்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். 'ரீஸ்டோர்' கொடுத்தால் சரியான இடத்துக்கே கோப்பு திரும்பிப் போவது அந்தச் சீட்டைப் பார்த்துத்தான்.

'ஷிஃப்ட்' விசையோடு 'டெலீட்' அழுத்தினால் தொட்டிக்குப் போகாமல் நேரே பலகையில் இருந்து பெயர் எடுபடும். இதைப் பலர் 'முழுசா அழிக்கிறது' என்று நினைக்கிறார்கள். தொட்டியைத் தாண்டிப் போகிறது என்பது மட்டுமே உண்மை. 1982-ல் டாஸில் நடந்ததற்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை.

பென் டிரைவிலும், நெட்வொர்க் மூலம் திறக்கும் வேறு கணினியின் ஃபோல்டரிலும் நீக்கினால் பொதுவாகத் தொட்டியே கிடையாது. அப்போது வரும் எச்சரிக்கையை நின்று படியுங்கள். தொட்டியின் கொள்ளளவைவிடப் பெரிய கோப்பாக இருந்தாலும் இதே கதைதான்.

முன்பெல்லாம் ஒவ்வொரு முறையும் 'நிச்சயமாகவா?' என்று கேட்டுக்கொண்டிருந்த விண்டோஸ், 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து தொட்டிக்கு அனுப்பும்போது கேட்பதை நிறுத்திவிட்டது. தொட்டி இருக்கும்போது கேள்வி எதற்கு என்ற எண்ணம். வேண்டுமென்றால் தொட்டியின் மேல் வலது கிளிக் செய்து, 'பிராப்பர்ட்டீஸ்' போய் அந்தக் கேள்வியைத் திரும்பக் கொண்டுவரலாம். மூத்தவர்களும் சின்னப் பிள்ளைகளும் ஒரே கணினியைப் பயன்படுத்தும் வீடுகளில் அது நல்லது.

முதல் பயம்: போய்விட்டால்?

இதுவரை சொன்ன வரலாறு முழுக்க ஒரே ஒரு பயத்தைச் சுற்றியே வந்தது. தெரியாமல் நீக்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அது எவ்வளவு நியாயமான பயம் என்பதற்கு ஒரு பிரபலமான சம்பவம் உண்டு.

1998-ல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் தவறான இடத்தில் நின்றுகொண்டு நாம் முன்பு பார்த்த அதே 'ஆர்எம்' கட்டளையைக் கொடுத்துவிட்டார். உட்ஃபோல்டர் எதையும் விடாமல், கேள்வி கேட்காமல் நீக்கச் சொல்லும் வடிவத்தில். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண் எதிரே பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. படத்தின் சுமார் 90 சதவீதம் போய்விட்டது. பேக்கப் எடுத்து வைத்திருந்தோமே என்று பார்த்தால், அது சரியாக வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தொழில்நுட்ப இயக்குநர்களில் ஒருவரான கேலின் சுஸ்மன், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கணினியில் படத்தின் நகல் ஒன்று இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் பத்திரமாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள். படம் பிழைத்தது.

அவர்களிடம் உலகின் மிகச் சிறந்த கணினி நிபுணர்கள் இருந்தார்கள். காப்பாற்றியது என்னவோ வேறு ஒரு கட்டடத்தில், வேறு ஒரு பெட்டியில் இருந்த நகல். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்துக்கும் இதே விதிதான்.

இரண்டாவது பயம்: போகாமல் இருந்துவிட்டால்?

இதற்கு நேர்மாறான பயம் பின்னால்தான் வந்தது.

1986 நவம்பர். அமெரிக்க அரசு ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவாவில் அரசுக்கு எதிராகப் போராடியவர்களுக்குத் திருப்பிவிட்ட விவகாரம் வெடித்தது. தேசியப் பாதுகாப்புக் குழுவில் இருந்த ஆலிவர் நார்த்தும் அவருடைய மேலதிகாரி ஜான் பாயின்டெக்ஸ்டரும் தங்கள் கணினி மின்னஞ்சல்களை ஆயிரக்கணக்கில் நீக்கினார்கள். திரையில் எதுவும் இல்லை, விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள். அந்தக் கணினியின் பேக்கப் டேப்புகளில் அவை பத்திரமாக இருந்தன. விசாரணைக் குழு அவற்றை எடுத்துப் படித்தது. நீக்கியவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் ஒரு விஷயம் இல்லாமல் போய்விடாது என்பதை உலகம் முதன்முதலாகப் பெரிய அளவில் பார்த்தது அப்போதுதான்.

அரசாங்க ரகசியம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? அடுத்தது நம் கதைதான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இருவர், 2000 நவம்பருக்கும் 2002 ஆகஸ்டுக்கும் இடையே பழைய ஹார்டு டிஸ்க்குகள் 158 வாங்கினார்கள். செகண்ட் ஹேண்ட் சந்தையில், சாதாரண விலைக்கு. அவற்றில் 129 வேலை செய்தன. 2003-ல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, அந்த 129-ல் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் மருத்துவத் தகவல்கள், சொந்தக் கடிதங்கள், 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் எல்லாம் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏடிஎம் எந்திரத்திலிருந்து வந்தது போல இருந்தது.

அந்த டிஸ்க்குகளை விற்றவர்களில் பலர் நம்மைப் போலவே டெலீட் தட்டியவர்கள். ஃபார்மட் செய்தவர்களும் இருந்தார்கள். சாதாரணமாக நாம் செய்யும் 'குவிக் ஃபார்மட்' என்பது பழைய பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டுப் புதுப் பலகை மாட்டுவது. வீடுகளுக்குள் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

உண்மையிலேயே அழிப்பது எப்படி?

1996-ல் பீட்டர் கட்மன் என்ற ஆய்வாளர், காந்த டிஸ்க்குகளில் தரவை மீட்க முடியாதபடி அழிக்க 35 முறை மேலெழுதும் முறையை ஓர் ஆய்வுக் கட்டுரையில் விவரித்தார். அன்று புழக்கத்தில் இருந்த பலவகை டிஸ்க்குகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. ஆனாலும் '35 முறை' என்பது ஒரு மந்திரம் போலப் பரவிவிட்டது. புதிய டிஸ்க்குகளுக்கு அத்தனை முறை தேவையில்லை என்று பிறகு அவரே சொன்னார். இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு, முழுவதும் ஒருமுறை மேலெழுதினாலே பொதுவாகப் போதும் என்பதுதான் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் வழிகாட்டுதலும்.

2003-ல் ஆப்பிள் தன் மெக் கணினிகளில் 'பாதுகாப்பாகக் குப்பையைக் கொட்டு' என்று ஒரு வசதியைச் சேர்த்தது. தொட்டியைக் கொட்டும்போதே மேலெழுதிவிடும். 2015-ல் அதைத் தானே எடுத்துவிட்டது. காரணம், கணினிகளுக்குள் எஸ்எஸ்டி வந்துவிட்டது. எஸ்எஸ்டியில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் நீங்கள் மேலெழுதச் சொன்னாலும் அது வேறு இடத்தில் எழுதிவிட்டு, பழையதை ஓரமாக விட்டுவைக்கலாம். அழித்துவிட்டேன் என்று உத்தரவாதம் தர முடியவில்லை.

எஸ்எஸ்டியில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. 2009-ல் வந்த விண்டோஸ் 7-லிருந்து 'ட்ரிம்' என்ற ஏற்பாடு இருக்கிறது. கோப்பு போனதும் 'இந்த வீடுகள் காலி' என்று டிஸ்க்குக்கே தகவல் போகும். அது தன் ஓய்வு நேரத்தில் வீட்டைச் சுத்தம் செய்துவிடும். இதன் பலன் இரண்டு பக்கமும் வெட்டும். பழைய ஹார்டு டிஸ்க்கில் மீட்க முடிந்த கோப்பை, எஸ்எஸ்டியில் ஷிஃப்ட் டெலீட் செய்த சில நிமிடங்களிலேயே மீட்க முடியாமல் போகலாம்.

மிகச் சிறந்த வழியாக இன்று கருதப்படுவது குறியாக்கம். டிஸ்க்கில் எழுதும்போதே எல்லாவற்றையும் பூட்டி எழுதுவது. கொடுக்கும் நாளில் சாவியை அழித்துவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் புரியாத எழுத்துக் குவியல்தான். புதிய ஸ்மார்ட்போன்களை 'ஃபேக்டரி ரீசெட்' செய்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

தொட்டிக்குக் கெடு வந்தது

கடைசியாக ஒரு மாற்றம். பழைய தொட்டிகள் நீங்கள் கொட்டும்வரை காத்திருந்தன. புதிய தொட்டிகளுக்குக் கெடு உண்டு. 2014-ல் ஐபோனில் 'சமீபத்தில் நீக்கியவை' ஆல்பம் வந்தது. நீக்கிய படம் அதில் சுமார் 30 நாள் இருக்கும். கூகுள் டிரைவில் முன்பு தொட்டி காலவரையின்றி இருந்தது. 2020 அக்டோபரிலிருந்து 30 நாளில் தானாகப் போய்விடும்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். கணினியில் ஒரு ஃபோல்டர் இணையத்தோடு ஒத்திசைந்து இருந்தால், ஒரு சாதனத்தில் நீக்கியது எல்லாச் சாதனங்களிலும் நீங்கிவிடும். 'போனில் இடம் இல்லை, கூகுளில்தான் இருக்கிறதே' என்று அழிக்கப் போய், கூகுளிலும் சேர்த்து நீக்கிவிடும் விபத்து இப்படித்தான் நடக்கிறது. ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

தினசரி வேலைக்கு வெறும் 'டெலீட்' போதும். ஷிஃப்ட் டெலீட்டைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். தொட்டியைத் தினமும் கொட்டவும் வேண்டாம். அது உங்களுக்காகவே வைத்த அவகாசம்.

தெரியாமல் நீக்கிவிட்டால், உடனே 'கன்ட்ரோல்' உடன் 'இசட்' அழுத்துங்கள். வரவில்லையென்றால் தொட்டியில் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் அந்தக் கணினியை மேற்கொண்டு பயன்படுத்தாதீர்கள். நீங்கள் இறக்கும் மீட்பு மென்பொருளே காலியான அந்த வீட்டில் போய்க் குடியேறிவிடலாம்.

முக்கியமானவற்றுக்கு இரண்டாவது நகல் வேண்டும். அது வேறு பெட்டியில், முடிந்தால் வேறு வீட்டில் இருக்கட்டும்.

கணினியைக் கைமாற்றும்போது, விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் 'செட்டிங்ஸ்' போய் 'ரெக்கவரி' பகுதியில் 'ரீசெட் திஸ் பிசி' கொடுங்கள். 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் இருக்கும் 'கிளீன் டேட்டா' வசதியையும் இயக்குங்கள். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். ஒரு நொடியில் முடிவது நீக்கம், மணிக்கணக்கில் ஆவதுதான் அழிப்பு என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தனி ஹார்டு டிஸ்க்கைக் கொடுப்பதென்றால் 'குவிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸ்களில் அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யங்களை எழுதும். கணினி ஓடவே இல்லையென்றால், டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் எடைக்குப் போடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள், இது நம் எல்லோருக்கும் பொதுவானது. எந்தக் குடியிருப்பிலும் சங்க அலுவலகக் கணினி ஒன்று இருக்கும். வாடகைக்கு வந்தவர்களின் அடையாள அட்டை நகல், ஒப்பந்தங்கள், வாகன எண்கள், வீட்டு வேலைக்கு வருபவர்களின் விவரங்கள் என்று பல வருடத்துத் தகவல்கள் அதில் சேர்ந்திருக்கும். காலி செய்துகொண்டு போனவர்களின் பெயரைக் கீழ்த்தளத்துப் பலகையிலிருந்து மறுநாளே எடுத்துவிடுகிறோம். அவர்கள் நம்பிக் கொடுத்த காகிதங்களின் நகல் அந்தக் கணினியில் இருந்தும் போயிருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். எதை எத்தனை காலம் வைத்திருப்பது, அந்தக் கணினியை மாற்றும்போது டிஸ்க்கை யார் அழிப்பது என்பதை அடுத்த பொதுக்குழுவில் ஒரு பொருளாகச் சேர்த்துப் பேசி முடிவெடுக்கலாம். அதற்குப் பத்து நிமிடம் போதும்.